அம்மா காலில் வந்த கொப்புளம்

மூன்று வார லீவில் டொராண்டோவிலிருந்து தஞ்சாவூர் போயிருந்தேன். கோயில், கல்யாணம், சொந்தக்காரர் வீடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது. இந்தக் கொப்புள விஷயம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால் அம்மாவின் இடது பாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். உள்ளே தெளிந்த நீர், சுற்றிலும் சிவப்பு இல்லை, வலியும் இல்லை. வெந்நீர் பட்டது உறைக்காமல் போயிருக்கும் என்றார் அண்ணி. பக்கத்து வீட்டு அத்தையோ அக்கி என்று சொல்லி, குயவர் வீட்டில் காவி எழுதிக்கொள்ளச் சொன்னார். சின்ன வயதில் எனக்கும் எழுதியிருக்கிறார்கள், அந்த ஈரக் காவியின் குளிர்ச்சி இன்னும் முதுகில் இருக்கிறது. ஆனால் இருபது வருஷமாகச் சர்க்கரை உள்ளவரின் காலாயிற்றே!

தெருமுனை கிளினிக்குக்குப் போனோம். சர்க்கரை உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. தீக்காயம் என்று முடிவு கட்டி, கையுறை போடாமல், கத்தரியால் மேல்தோலை அப்படியே வெட்டி எடுத்தார்கள். நான் "வேண்டாங்க" என்று சொல்வதற்குள் தோல் டிரேயில் கிடந்தது. களிம்பு, ஊசி, இருநூறு ரூபாய், ரெண்டே நிமிஷம். டொராண்டோவில் கையுறை இல்லாமல் ஒரு நர்ஸ் புண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அந்தத் தோல்தானே புண்ணுக்கு மூடி, அதை எடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் வலது காலிலும் ஒன்று. சரி என்று அரசு மருத்துவமனைக்குப் போய், ஓபி சீட்டு வாங்கி, தோல் பிரிவில் உட்கார்ந்தோம். அந்த இளம் டாக்டரம்மா முதலில் கேட்டதே "எத்தனை வருஷமா சுகர் இருக்கும்மா? பாதம் மரத்துப்போகுதா?" என்றுதான். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார், பல இடங்களில் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. இது சர்க்கரை நோயால் வரும் கொப்புளம், பெயர் புல்லோசிஸ் டயாபெட்டிகோரம் என்றார். சர்க்கரைக்காரர்களிலும் அபூர்வமாகத்தான் வருமாம், அதுவும் பெரும்பாலும் நெடுநாள் சர்க்கரையில் நரம்பு மரத்தவர்களுக்கு. உடைக்காமல் விட்டால் 2 முதல் 6 வாரத்தில் தானாகவே ஆறும், ரொம்பப் பெரிதானால் டாக்டர்களே சுத்தமான ஊசியால் நீரை மட்டும் எடுத்துவிட்டு மேல்தோலை விட்டுவைப்பார்கள் என்றார். அப்புறம் வெட்டிய காலைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. கட்டுப் போடும் விதத்தை அண்ணிக்குச் செய்தே காட்டினார்.

டொராண்டோவில் தோல் டாக்டரைப் பார்க்க, குடும்ப டாக்டரின் சீட்டோடு மாதக்கணக்கில் காத்திருந்தவன் நான். தஞ்சாவூரில் ஒரே காலையில், காசில்லாமல்.

நான் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. வலது கால் தழும்பில்லாமல் ஆறிவிட்டது. வெட்டின இடது காலுக்கு இன்னும் தினமும் கட்டு மாற்றுகிறார் அண்ணி, இரவில் வீடியோ காலில் அந்தப் புண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் படுக்கப் போகிறேன்.