விளம்பரத்தில் ரூ. 6,000, பில்லில் ரூ. 3,000: ஒரு கீபோர்டு எக்ஸ்சேஞ்ச் அனுபவம்

குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் கத்தோலிக்கக் கோயிலில், பாடகற்குழுவுக்கு நான் கீபோர்டு வாசிக்கிறேன். கோயிலுக்குச் சொந்தமான 61 கட்டைக் கீபோர்டு 2016-இல் வாங்கியது. அதைக் கொடுத்துவிட்டு, அதே நிறுவனத்தின் புதிய மாடலை, நிறுவனமே தீபாவளியை ஒட்டி அறிவித்திருந்த எக்ஸ்சேஞ்ச் திட்டத்தின் கீழ், நாகர்கோவிலில் உள்ள அங்கீகாரம் பெற்ற கடை ஒன்றில் வாங்கினோம். புதிய கருவியின் ஒலியில் எனக்குக் குறை ஏதும் இல்லை. நான் எழுத வருவது அந்தத் திட்டத்தைப் பற்றி மட்டுமே.

கடை வாசலில் தொங்கிய பேனர், எந்த நிறுவனத்தின் பழைய கீபோர்டைக் கொண்டுவந்தாலும் ரூ. 6,000 வரை தள்ளுபடி என்று சொன்னது. புதிய மாடலின் பெட்டியில் அச்சிட்டிருந்த அதிகபட்ச விலை ரூ. 46,000, ஆகவே எங்களுக்கு அது ரூ. 40,000-க்குக் கிடைக்கும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழைய கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு வருகிறவருக்கு என்ன விலை என்று கேட்டபோது, சிறிது தயங்கிவிட்டு ரூ. 43,000 என்றார்கள். அச்சிட்ட விலைக்கு அந்தக் கடையில் யாரும் வாங்குவதில்லை. அப்படியானால் எங்கள் கீபோர்டுக்கு அவர்கள் உண்மையில் கொடுப்பது ரூ. 3,000 மட்டும்தானே என்றேன். “அண்ணே, பேனர்ல போட்டிருக்கது எம்.ஆர்.பி.யில இருந்து கழிக்கிற கணக்கு” என்றார் விற்பனைப் பையன். பையனைக் குறை சொல்வதற்கில்லை. பேனரை அச்சடித்தது அவர் இல்லை.

இந்தக் கேள்வியை வாயால் கேட்கத் தயங்குகிறவர்கள் பில்லைப் பார்த்தாலே போதும். 2017-ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 27-ஆம் விதி, விலையின் ஒரு பகுதி பணமாக இல்லாமல் பொருளாக வரும்போது, புதிய பொருளின் திறந்த சந்தை மதிப்பின் மீதே வரி கணக்கிடப்பட வேண்டும் என்கிறது. விதியிலேயே ஓர் உதாரணமும் உண்டு: பழைய போனைக் கொடுத்து ரூ. 20,000-க்கு வாங்கும் புதிய போன், மாற்றிக்கொள்ளாமல் வாங்கினால் ரூ. 24,000 என்றால், அதன் மதிப்பு ரூ. 24,000-தான். எங்கள் பில்லிலும் வரியோடு சேர்ந்து ரூ. 43,000 என்று போட்டு, அதிலிருந்து எக்ஸ்சேஞ்ச் கழிவாக ரூ. 3,000 காட்டியிருந்தார்கள். பேனர் மறைத்ததைப் பில் சொல்லிவிட்டது. பில்லை ஒழுங்காகப் போட்டார்கள் என்பதற்காக அந்தக் கடையைப் பாராட்டவே வேண்டும்.

மதிப்பிட்ட முறையும் நன்றாகவே இருந்தது. உள்ளறையில் இருந்த டெக்னீஷியன் முதலில் கருவியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்துத் திருகுகளைப் பார்த்தார். எட்டில் ஐந்து துருப்பிடித்திருந்தன, “கடப்பொறமா?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று மும்முறை அழுத்திக் காது கொடுத்தார். இதற்குக் காரணம் உண்டு. விரலின் விசையை உணரும் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே கார்பன் பூசிய ரப்பர் தொடர்பு இரண்டு இருக்கும். ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் தொடும், அந்த இடைவெளியை அளந்துதான் நாம் மெல்ல அழுத்தினோமா ஓங்கி அழுத்தினோமா என்பதைக் கருவி அறிகிறது. உப்புக் காற்றிலும் தூசியிலும் அவற்றில் ஒன்று கெட்டால், அந்தக் கட்டை ஊமையாகிவிடும், அல்லது எவ்வளவு மெல்லத் தொட்டாலும் முழு பலத்தோடு அலறும். எங்கள் கருவியில் நடு எஃப் ஷார்ப் இரண்டாம் வகை. நற்கருணை வாங்கியபின் மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் அது அலறி, முன்வரிசைப் பாட்டிகள் திரும்பிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் பல. டெக்னீஷியன் அதை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார்.

ரப்பர் பட்டையை மாற்றினால் ஆயிரம் ரூபாய்க்குள் சரியாகிவிடும் என்றும் அவரே சொன்னார். மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் என் நண்பர், சரிசெய்து கொடுத்தால் ரூ. 6,500-க்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். பழுது பார்த்த செலவு போக எப்படியும் ரூ. 5,500 தேறியிருக்கும். ஆனாலும் நாங்கள் கடையிலேயே கொடுத்ததற்குக் காரணம், பங்குப்பேரவையின் கணக்கில் கோயில் சொத்து எங்கே போயிற்று என்பதற்கு ஒரு தாள் வேண்டும் என்று பொருளாளர் பிடிவாதமாக இருந்ததுதான். கோயில், பள்ளிக்கூடம், சங்கம் போன்றவற்றுக்கு இந்தத் திட்டம் இந்த ஒரு வகையில் வசதியானது. சொந்தமாக வைத்திருப்பவர், கருவி ஓரளவு நன்றாக இருந்தால், படிக்கிற பிள்ளை யாருக்காவது நேரடியாக விற்பதே மேல். பாதி கட்டைகள் பேசாத கருவி என்றால் தயங்காமல் எக்ஸ்சேஞ்சுக்குப் போகலாம்.

கருவியைக் கொடுக்கும் முன் அதில் சேமித்திருப்பவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மிடி கோப்பாக, அதாவது எந்த ஒலியில் எந்தக் கட்டையை எப்போது வாசிப்பது என்ற குறிப்பாக, இருந்த பாடல்கள் பென் டிரைவ் வழியாக அப்படியே புதியதில் ஏறின. 1991-இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கு 128 ஒலிகளுக்கும் எண் வரிசையை நிலையாக்கிவிட்டதால், அந்த ஒழுங்கை ஏற்ற எந்த நிறுவனத்தின் கருவியிலும் புல்லாங்குழல் புல்லாங்குழலாகவே ஒலிக்கும். நாம் வாசிக்கும்போது பின்னணியில் தானாக ஒலிக்கும் தாள ஸ்டைல்கள் அப்படி அல்ல. அவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. யமஹாவின் ஸ்டைலைக் கோர்க் நிறுவனத்தின் கருவி நேரடியாகப் படிக்காது. எங்களுடையது அதே நிறுவனம் என்பதால் ஸ்டைல்கள் தப்பின, ஆனால் எந்தப் பாட்டுக்கு எந்த ஒலி, எந்த வேகம் என்று ஆறேழு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ரெஜிஸ்ட்ரேஷன் அமைப்புகளைப் புதிய மாடல் ஏற்கவில்லை. கடையில் யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்த அறுபது பாட்டுக்கானவற்றை நானே இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி அமைத்தேன்.

பெரிய மனக்குறை ஒன்று உண்டு. பழையதை முன்பதிவின்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான்கு நாளில் வரும் என்ற புதியது 19 நாள் கழித்தே வந்தது. நிறுவனத்தின் கிடங்கில் இருந்து வரவில்லை என்பதற்கு மேல் கடைக்காரர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்று ஞாயிற்றுத் திருப்பலிகளையும் கல்லறைத் திருநாளையும் பக்கத்துப் பங்கில் இரவல் வாங்கிய ஆர்மோனியத்தோடு நடத்தினோம். கல்லறைத் தோட்டத்தில் ஆர்மோனியம் பொருத்தமாகவே இருந்தது என்று பங்குத்தந்தை சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. இனி யார் போனாலும், புதியது கைக்கு வரும் நாளில்தான் பழையதைத் தருவோம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளவும். நாங்கள் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன், கேட்கத் தோன்றவில்லை.

இந்தத் தாமதத்தால் வாரண்டியிலும் ஒரு சிக்கல் வந்தது. பில் முன்பதிவு நாளிலேயே போடப்பட்டிருந்ததால், கருவி எங்களை வந்து சேரும் முன்பே வாரண்டியில் 19 நாள் கழிந்திருந்தது. பெட்டியைத் திறந்த அன்றே பில்லை எடுத்துக்கொண்டு மறுபடி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். மேலாளர் மறுபேச்சில்லாமல் வாரண்டி அட்டையில் ஒப்படைத்த தேதியை எழுதி, கடை முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.