சுரங்கத்தைச் சுற்றி நீர்க் கண்காணிப்பு: வாய்க்காலிலா, குழாய்க்கிணற்றிலா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஒரு நீர்ப்படுகை, அதாவது நீர் நிறைந்த நில அடுக்கு, அடைபட்டுக் கிடக்கிறது. அது மேல்நோக்கித் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ, அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கக்கூடிய விசை. மேல்மண்ணை அள்ளிய பிறகு குழியின் தரையைப் பிளந்துகொண்டு நீர் எழாமல் இருக்க, ஆழ்குழாய்களில் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று வயல்களை நோக்கிப் போகிறது.

எனவே சுற்றுவட்டாரத்தில் புகார்களும் இரண்டு வகை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பது ஒன்று. ஓடி வரும் தண்ணீர் நல்லதா என்பது மற்றொன்று. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எதில் அளப்பது?

வாய்க்காலில் அளப்பதுதான் மலிவு. பாட்டிலோடு இறங்கினால் போதும். ஊரார் கண்ணெதிரே மாதிரி எடுக்கலாம் என்பதால் பின்னால் யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு பாட்டில் தண்ணீர் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் சாட்சி. கடலூர்ப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழைதான் மண்மேடுகளையும் சாம்பலையும் கழுவிக்கொண்டு வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தேதி குறித்துப் போகிறவர் அந்த நாளைப் பிடிப்பது அதிர்ஷ்டம். சுரங்கத்துக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று இரண்டு இடங்களில் எடுத்து ஒப்பிடு என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். பருவமழையை நம்பிய ஓடைகளில், கோடையில் மேல்பக்கம் ஒப்பிடத் தண்ணீரே இல்லாமல் போகலாம். ஓட்டத்தின் அளவைக் குறிக்காமல் செறிவை மட்டும் எழுதுவதும் பாதிக் கணக்குதான். மழைநாளில் உப்பின் செறிவு குறைந்திருக்கலாம். மொத்தமாக அடித்துச் செல்லும் உப்போ பல மடங்காக இருக்கும்.

நிலத்தடியில் கதை வேறு. அங்கே மாற்றம் மெதுவாக நடக்கும். ஆனால் வந்துவிட்டால் போகவும் பல ஆண்டுகள் ஆகும். இதற்குப் பீசோமீட்டர் வேண்டும்: ஒரே ஒரு படுகையின் நீரை அளப்பதற்கென்றே போடும் தனிக் குழாய்க்கிணறு. செலவு அதிகம். பக்கத்து விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றிலேயே அளந்துவிடலாமே என்று கேட்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கிணற்றில் பல படுகைகளின் நீர் கலந்திருக்கும். மோட்டார் ஓடி நின்ற நேரத்தைப் பொறுத்து மட்டமும் மாறும். நெய்வேலி போன்ற இடத்தில் மேற்படுகைக்கு ஒரு குழாய், அழுத்தப் படுகைக்கு ஒரு குழாய் என்று அருகருகே தனித்தனியாக வைத்தால்தான் எந்தப் படுகை இறங்குகிறது என்று சொல்ல முடியும்.

அதில் மாதிரி எடுப்பதும் பொறுமை வேண்டிய வேலை. குழாயில் தேங்கி நிற்பது படுகையின் நீர் அல்ல. அப்படித் தேங்கியதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிய பிறகே பாட்டில் பிடிப்பது வழக்கம். 100 மில்லிமீட்டர் குழாயில் 30 மீட்டருக்கு நீர் நின்றால் சுமார் 235 லிட்டர்; கொட்ட வேண்டியது ஏறக்குறைய 700 லிட்டர். உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து மூட வேண்டும். பி.எச். அளவை, அதாவது நீரின் அமில, காரத் தன்மையை, அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் அது மாறிவிடும்.

அடுத்த போட்டி ஆளுக்கும் கருவிக்கும். நீர்மட்டத்தில் கருவியே வெல்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை டேப் விட்டு அளந்தால் நான்கு புள்ளிகள். தானியங்கிப் பதிவி மணிக்கொரு புள்ளி தரும், பம்பு நின்ற இரவுகூடத் தெரியும். காற்றழுத்தத்தைக் கழிக்க மட்டும் மறக்கக் கூடாது: ஒரு மில்லிபார் மாறினாலே சுமார் ஒரு சென்டிமீட்டர் பிழை. நீரின் தரத்தில் ஆளும் பாட்டிலும்தான். குடிநீரில் பாதரசத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், வாய்க்காலில் போடும் எந்தச் சாதாரண சென்சாரும் அதைக் காணாது. கரைந்த உப்பின் அளவை உணர்த்தும் மின்கடத்துத்திறனையும் பி.எச்.-ஐயும் காட்டும், அதுவும் பாசியைத் துடைத்து அளவுதிருத்தம் செய்துகொண்டே இருந்தால். பராமரிக்க ஆள் இல்லாத சென்சாரைவிட மாதம் ஒரு பாட்டில் மேல்.

ஆகவே என் ஓட்டு முதலில் இரட்டைப் பீசோமீட்டருக்கும் மட்டப் பதிவிக்கும். ஓடைநீரைப் பிறகும் பிடிக்கலாம்; இறைப்பு விரிவடைவதற்கு முன் நிலத்தடி மட்டம் என்னவாக இருந்தது என்ற பதிவைப் பின்னால் யாராலும் உருவாக்க முடியாது. மிச்சப் பணத்தில் சுரங்க நீர் வெளியேறும் இடத்தில் ஒரு மின்கடத்துத்திறன் சென்சார். அதன் எண் தாவும் நாளில் ஓடிப்போய்ப் பாட்டில் பிடிக்க ஊரிலேயே பழக்கிய ஓர் ஆள். இன்னும் ஒரு குழாய்க்கு வழியிருந்தால் அதைச் சுரங்க ஓரத்தில் போடாமல் கிழக்கே கடற்பக்கம் போட வேண்டும். அழுத்தம் குறைந்த படுகைக்குள் உப்புநீர் ஏறுகிறதா என்பது அங்கேதான் முதலில் தெரியும்.