வெலிமடை வீதியோரத் தக்காளிக் கடை

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கும் வீதியோரத்தில், தகரக் கூரையின் கீழ் மரக்கறி விற்கும் சிறிய கடையொன்றுக்கு ஆறு வயது மகளுடன் மூன்று மாதங்களாகப் போய் வருகிறேன். தக்காளியைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிடும் பிள்ளை அவள். கடைக்கார அம்மா ஒரு பழத்தைக் காம்போடு அவள் கையில் வைத்து, "பாப்பா, முதல்ல மணந்து பாருங்க" என்றார். காம்பைச் சுற்றியிருந்த பச்சை வாசனையை மகள் நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு தானாகவே ஒரு கடி கடித்தாள், சாறு முழங்கை வரை வழிந்தது.

அன்றன்று பறித்தவையே இங்கு விற்பனைக்கு வருவதால், கடும் மழைக்குப் பின் தோல் வெடித்த பழங்கள் கூடையில் கலந்திருக்கும். அவற்றைத் தனியாகப் பிரித்து, சம்பலுக்கென்று குறைந்த விலைக்குத் தருவது நேர்மையான வழக்கம். சிறு மரத்தில் காய்க்கும் வேறொரு பழமான மரத்தக்காளி கிடைக்கும் நாட்களில், கடைக்கார அம்மா அதையும் தக்காளியையும் வெட்டிக் காட்டி, விதைகளை ஒப்பிடச் சொல்கிறார். விலைப்பலகை இல்லாதது மட்டுமே குறை.

வாங்கிய தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 12 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் நாட்கணக்கில் கிடந்தால் தக்காளியின் மணம் குன்றிவிடும், பிள்ளையை ஈர்ப்பதோ அந்த மணந்தான். போஞ்சி வரும் வாரத்தில் போஞ்சி, லீக்ஸ் வரும் வாரத்தில் லீக்ஸ் என்று, கூடையில் இருப்பதைப் பார்த்தே இப்போது எங்கள் வீட்டுச் சமையலை மகள் தீர்மானிக்கிறாள்.