கடற்கரை ஊர் ஜன்னலுக்கு வெளிக்கதவு: தேக்கா, அலுமினியமா, யுபிவிசியா?

புதுச்சேரியில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி எங்கள் பழைய வீடு. ஜன்னலுக்கு வெளிப்பக்கம், சாய்வான பட்டைகள் வைத்த இரட்டைக் கதவு, பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மாதிரி. சாத்தி வைத்தாலும் காற்று வரும், ஆனால் வெயிலும் தெருவில் போகிறவர் பார்வையும் உள்ளே வராது. அது உளுத்துப்போய் மாற்ற வேண்டி வந்தபோது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உப்புக்காற்று இல்லாத மதுரை, கோவைக்காரர்கள் இதில் பாதியைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

இரும்பை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ரெட் ஆக்ஸைடு அடித்து மேலே எனாமல் பூசினாலும் வெல்டிங் வைத்த இடத்தில் துரு கிளம்பும், பட்டைகளுக்கு நடுவே பிரஷ்ஷும் நுழையாது.

தேக்கு என்றால் தேக்கு முழுவதும் இல்லை, அதன் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கருத்த மரம் மட்டும்தான். எண்ணெய்ப்பசை இருப்பது அங்கே. அதைச் சுற்றி இருக்கும் வெளிர்நிற மரமான வெளிறைக் கரையான் விட்டுவைக்காது. சீக்கிரம் வெட்டிய இளமரத்தில் வெளிறுதான் அதிகம். எனக்கு முதலில் வந்த சரக்கில் பாதிப் பட்டைகள் அப்படித்தான், நிறம் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஆசாரி உளியால் ஒரு சீவல் எடுத்துக் காட்டி, “இது தேக்கு இல்ல சார், தேக்கோட தோலு” என்றார். திருப்பி அனுப்பினேன், இரண்டு வாரம் போனது.

இன்னொன்று, வார்னிஷ் ஆசை வேண்டாம். ரேகை தெரிய வேண்டும் என்று நிறமில்லாத வார்னிஷ் அடித்தால் வெயில் அதை ஊடுருவி மரத்தைத் தாக்கும், கொஞ்ச நாளில் தோல் உரிவது போல உரியும். பெயின்டில் இருக்கும் நிறமிதான் வெயிலைத் தடுக்கிறது. பழைய வீடுகளில் நல்ல தேக்குக்கும் பெயின்ட் அடித்து வைத்ததை நான் அறியாமை என்று நினைத்திருந்தேன்!

விலைக்குப் பயந்து வேங்கை பார்ப்பவர்களுக்கு: உறுதியில் குறை சொல்ல முடியாது, ஆனால் நனைந்தால் சாயம் இறங்கும், வெள்ளைச் சுவர் என்றால் ஜன்னலுக்குக் கீழே கோடு கோடாகத் தெரியும். வேம்பு சரியாக உலராமல் வந்தால் முறுக்கிக்கொள்ளும்.

அலுமினியம் இலகு, ஊறாது, கரையான் பேச்சே இல்லை. உப்புக்காற்றில் அது துருப்பிடிக்காது என்பது மட்டும் பாதி உண்மை. அறுத்த ஓரத்திலும் ஸ்க்ரூ துளையிலும் பவுடர் கோட்டிங்குக்கு (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் பூச்சு) அடியில் உப்பு புகுந்து வெள்ளையாகப் பூக்கும், சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக்கூடாது, ஸ்க்ரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். எனக்கு ஒத்துவராதது சத்தம்தான். காற்றடிக்கும் இரவில் பட்டைகள் கடகடக்கும்.

யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கண்ணாடி ஜன்னலுக்கு நல்ல சாமான், அதில் சண்டை இல்லை. பட்டைக் கதவுக்குத்தான் சரிப்படவில்லை. ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வெப்பம் ஏறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 1 மில்லிமீட்டர்தான். வெள்ளை நிறத்தில் சமாளிக்கும், எங்கள் தெருவுக்கு ஏற்ற கரும்பச்சை கேட்டால் சூடு இன்னும் ஏறும். ஒரு பட்டை உடைந்தால் அதே அளவுப் பட்டைக்குக் கடைக்காரரைத் தேடி அலையவேண்டும், உள்ளூர் ஆசாரி கை வைக்க முடியாது.

இதையெல்லாம்விட முக்கியம் கீலும் கொக்கியும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் இங்கே கரையைக் கடந்த இரவில் பக்கத்து வீட்டில் பிய்த்துக்கொண்டு போன கதவு நல்ல தேக்குதான். திறந்து வைத்த கதவைச் சுவரோடு பிடிக்கும் கொக்கி துருப்பிடித்து அறுந்திருந்தது. பித்தளைக் கீலுக்கு ஆகும் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியில் தெருப்பக்கம் நான்கு ஜன்னலுக்கும் பெயின்ட் அடித்த தேக்கு, யாரும் படுக்காத பின்கட்டுக்கு அலுமினியம் என்று முடித்தேன். ஆசாரி போகும்போது கூடுதலாக ஆறு பட்டைகள் சீவி, பெயின்ட் அடிக்காமல், பரணில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.