பொருளியலின் எல்லையோர வரலாறு: இணை மேற்கோளா, பட்டியல் பிணைப்பா?

பொருளியல் எப்போது உளவியலோடு கலந்தது, சட்டத்துக்குள் எப்போது நுழைந்தது என்பதை ஆய்வுக் கட்டுரைகளின் வலைப்பின்னல் வழியாகப் பார்க்க உட்கார்ந்தால், முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எதை எதோடு கோடு போட்டு இணைப்பது? கூட்டாசிரியர்களை இணைக்கலாம், இணை மேற்கோள் வழியாக இணைக்கலாம், பட்டியல் பிணைப்பு வழியாக இணைக்கலாம். மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை உளவியல் துணையோடு ஆராயும் நடத்தைப் பொருளியலின் வளர்ச்சியை வரைய நான் தேர்ந்தெடுத்தது பட்டியல் பிணைப்பு, அதாவது பிப்லியோகிராஃபிக் கப்ளிங். இன்னொரு முறை அந்த வேலையைத் தொடங்கினாலும் அதைத்தான் எடுப்பேன்.

கூட்டாகக் கட்டுரை எழுதியவர்களை இணைக்கும் வலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார் யாரோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதை அது நன்றாகக் காட்டும். உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986இல் நியாய உணர்வைப் பற்றி எழுதிய கட்டுரை அந்த வலையில் அழகாக விழும். ஆனால் பொருளியல் நெடுங்காலம் தனியாக எழுதுகிறவர்களின் துறையாகவே இருந்தது. மனிதர் முடிவெடுக்கும் திறனின் வரம்பைப் பற்றி ஹெர்பர்ட் சைமன் எழுதிய 1955ஆம் ஆண்டுக் கட்டுரை, கேரி பெக்கர் பாகுபாட்டைப் பற்றி எழுதிய 1957ஆம் ஆண்டு நூல், சமூகச் செலவைப் பற்றி ரொனால்ட் கோஸ் எழுதிய 1960ஆம் ஆண்டுக் கட்டுரை, மூன்றுக்கும் ஒரே ஒரு ஆசிரியர்தான். துறையின் எல்லையைத் தள்ளிவைத்த இந்த மூன்றாலும் அந்த வலையில் ஒரு கோடுகூட விழாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். இரண்டு படைப்புகளைப் பின்னால் வந்த ஒரு கட்டுரை சேர்த்துச் சான்று காட்டினால் அவற்றை இணைப்பது இணை மேற்கோள். 1973இல் அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத் ஒன்றியத்தில் இரினா மர்ஷகோவாவும் தனித்தனியாக முன்வைத்த முறை இது. இரண்டு கட்டுரைகளின் சான்றுப் பட்டியலில் பொதுவான படைப்புகள் இருந்தால் அந்தக் கட்டுரைகளை இணைப்பது பட்டியல் பிணைப்பு. இது அதற்கும் பத்தாண்டு மூத்தது. 1963இல் கெஸ்லர் எழுதியது.

இணை மேற்கோளின் பெரிய பலம், நூல்களும் கணுக்களாக, அதாவது கோடுகள் இணைக்கும் புள்ளிகளாக, வரும் என்பது. படமும் பார்த்தவுடன் புரியும். பெரிய பெயர்கள் பெரிதாக நிற்கும். வரலாற்றுக்கு இது சிக்கலாவது காலத்தால்தான், என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான். இணை மேற்கோளில் ஒரு கோட்டின் கனம், படைப்பு வெளிவந்த பிறகும் ஏறிக்கொண்டே போகும். சைமனின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையையும், கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட, ஆபத்துள்ள தேர்வுகளில் மனிதர் லாப நஷ்டத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்று விளக்கும் ப்ராஸ்பெக்ட் தியரி கட்டுரையையும் பிற்காலத்தவர் தங்கள் முன்னுரையில் ஒரே மூச்சில் சொன்னால், படத்தில் இரண்டும் ஒட்டி நிற்கும். அந்த நெருக்கம் 1979இல் இருந்ததா, பின்னால் வந்தவர்கள் தங்களுக்கு முன்னோரைத் தேடியபோது உண்டானதா என்று படம் சொல்லாது. ஒரு துறை தன் பிறப்பை எப்படி நினைவுகூர்கிறது என்பதுதான் கேள்வி என்றால் இதைவிட நல்ல கருவி கிடையாது. அது எப்படிப் பிறந்தது என்று கேட்டால் இந்தக் கருவி வழிதவற வைக்கும். சான்று காட்டும் கட்டுரைகளை ஒரு குறிப்பிட்ட ஐந்தாண்டுக்குள் நிறுத்தினால் சிக்கல் பாதி குறையும் என்பதும் உண்மை.

பட்டியல் பிணைப்பில் கட்டுரை அச்சான அன்றே அதன் பட்டியல் உறைந்துவிடுகிறது. 1982இல் வந்த கட்டுரை, எந்த ஆண்டு தரவை எடுத்துப் பார்த்தாலும், 1982இன் அண்டை அயலோடேயே நிற்கும். அப்புறம், யாருமே சான்று காட்டாத கட்டுரைகளுக்கும் இதில் இடம் உண்டு. பல துறைகள் கலக்கும் இடத்தில் பாதியில் நின்றுபோன முயற்சிகள் ஏராளம்; அவற்றை விட்டுவிட்டு எழுதினால் அது ஜெயித்தவர்களின் வரலாறாக மட்டுமே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பொருளியல் எவ்வளவு தூரம் வெளியே போய்ப் படிக்கிறது என்று அளக்க, சான்று காட்டப்பட்ட இதழுக்கு ஒரு துறை முத்திரை குத்தி எண்ணுவது வழக்கம். ப்ராஸ்பெக்ட் தியரியை எழுதிய இருவருமே உளவியலாளர்கள். ஆனால் அது வெளிவந்தது எக்கனாமெட்ரிகா என்ற பொருளியல் இதழில். முத்திரைக் கணக்குப்படி அது பொருளியல். அதைப் படித்து மனம் மாறிய பொருளியலாளர் தன் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை என்று கணக்கு சொல்லும். நாம் தேடும் மிக முக்கியமான கடப்பே அங்கே மறைந்துபோகிறது. பட்டியல் பிணைப்புக்கு முத்திரை தேவையில்லை. அந்தக் கட்டுரை தன் பட்டியலை யாரோடு பகிர்ந்துகொள்கிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும் ஒரு சான்று இரண்டு கட்டுரைகளுக்குப் பொதுவாக இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. அரிதான சான்றுக்குக் கூடுதல் எடை, பிரபலமானதற்குக் குறைந்த எடை என்று வைக்காவிட்டால், 1990களுக்குப் பிறகு நிதியியல், சந்தையியல், மருத்துவ முடிவெடுப்பு எல்லாம் அந்த 1979ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுற்றி ஒரே உருண்டையாகிவிடும். வலையில் நெருக்கமாக இணைந்த கட்டுரைக் குழுக்களை, அதாவது திரள்களை, பிரித்தெடுக்கும் கணினி முறைகளில் லூவெய்ன் முறையைவிட 2019இல் வந்த லெய்டன் முறையே மேல். உள்ளுக்குள் தொடர்பற்ற துண்டுகளை ஒரே திரளாகக் காட்டும் கோளாறு லெய்டனில் இல்லை.

தரவைச் சுத்தம் செய்யும் வேலை இரண்டுக்கும் பொது. ஆட்டக் கோட்பாட்டின் மூலநூல் 1944, 1947, 1953 என்று மூன்று பதிப்புகளாக வந்தது. சேர்த்துவைக்காவிட்டால் மூன்று நூல்களாக நிற்கும். இணை மேற்கோளில் இந்தப் பிழை மூன்று கணுக்களாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பட்டியல் பிணைப்பில் சில கோடுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். இந்த ஒரு விஷயத்தில் போட்டி முறையே நல்லது.

சட்டமும் பொருளியலும் சேரும் பகுதியில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. அங்கே அடிக்குறிப்புகளில் நீதிமன்றத் தீர்ப்புகளே நிரம்பியிருப்பதால் என் பரிந்துரை அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சூழலியல் பொருளியலில் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஒரே இயற்கையைப் பற்றி எழுதும் இரண்டு முகாம்களில் ஒன்று கோஸையும் இன்னொன்று, இயற்கையின் வரம்புகளைப் பொருளியலுக்குள் கொண்டுவந்த ஜார்ஜெஸ்க்யூ-ரோகனையும் படித்து வளர்ந்திருந்தால், அந்தப் பிளவு பட்டியலில்தான் முதலில் தெரியும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை எந்த மேற்கோள் வலையும் காட்டாது. 1980களில் ஸ்லோன் அறக்கட்டளையும் அதன்பின் ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையும் நடத்தைப் பொருளியலுக்குக் கொடுத்த ஆதரவைச் சான்றுப் பட்டியல்களிலிருந்து எடுக்கவே முடியாது. 1950களுக்குப் போனாலோ பட்டியல்களே குட்டையானவை, இரண்டு முறைகளும் தடுமாறும். அந்தக் காலத்துக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சைமனின் தாள்களையும், ட்யூக் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் ஆவணக் காப்பகத்தையும் படித்துவிட்டு, வலையை 1970களிலிருந்து தொடங்குவதே சரி.