ஊதா விளக்கை நம்பி 384 டொலர் 20 சதம் போனது

இன்று மாலைதான் அந்தக் கடையிலிருந்து திரும்பினேன். குளிருக்குப் போட்ட மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன். கோபம் ஆறிவிட்டால் எழுதமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். வீட்டுக்குள் செடி வளர்க்க விளக்கு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்குப் பதினொரு வயது. கோடையில் பின்வளவில் நிற்கும், ஒக்டோபரில் தொட்டியோடு பேஸ்மென்டுக்கு இறங்கும். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அதிலும் பேஸ்மென்ட் யன்னலுக்கு என்ன கிடைக்கும்? ஒவ்வொரு பனிக்காலமும் இலை கொட்டி, வசந்தத்தில் திரும்பத் தளிர்க்கும். இந்த முறை பச்சையாகவே வைத்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

போனது மண்ணில்லாமல் செடி வளர்க்கும் சாமான்கள் விற்கும் ஒரு கடை. 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் கஞ்சா சட்டப்படி செல்லும். ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். அந்தக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் அதற்காகத்தான் வருகிறார்கள். கறிவேப்பிலைக்கு விளக்கு வேண்டும் என்று நான் கேட்டதும் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார்.

கவுண்டரில் நின்ற பையன் சிரிக்கவில்லை. "அண்ணா, தமிழா? எங்கள் அம்மாவும் கறிவேப்பிலை வைத்திருக்கிறார். இதே விளக்கின் கீழ்தான் நிற்கிறது, கொத்துக் கொத்தாக வருகிறது" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெட்டியில் '1500 வாட், முழு நிறமாலை' என்று கொட்டை எழுத்து. 340 டொலர், 13 சதவீத வரியோடு 384 டொலர் 20 சதம். விளக்கில் இரண்டு சுவிட்ச்: ஒன்று இலைக்கு, மற்றது பூவுக்கு. "இரண்டையும் போட்டுவிடுங்கள் அண்ணா, கஞ்சா வளர்ப்பவர்களே அப்படித்தான் செய்கிறார்கள்."

போட்டேன். பேஸ்மென்ட் முழுவதும் ஊதா. விளக்கில் இருக்கும் குட்டி எல்இடி மணிகளில் சிவப்பும் நீலமும் மட்டுமே எரிந்தால் எந்தப் பச்சை இலையும் கறுப்பாகத்தான் தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆறு வாரம் அந்தக் கறுப்பு இலைகளைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். ஜனவரியில் ஒருநாள் தண்ணீர் ஊற்றப் போனபோது காலுறை தரையில் ஒட்டியது. விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தால் பாதி இலை மஞ்சள்; தண்டு நெடுக, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும் பழுப்புச் செதில்பூச்சிகள். தரையில் ஒட்டியது அவை கழித்த தேன்பிசின். வெள்ளை விளக்காக இருந்திருந்தால் முதல் வாரமே கண்ணில் பட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடி வாசித்தேன், புத்தி அப்போதுதானே வருகிறது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. அந்த அரை உண்மையை வைத்துத்தான் ஊதா விளக்கை விற்கிறார்கள். 1972-இல் மக்ரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களின் இலைகளை அளந்து, நடுவில் இருக்கும் பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று காட்டிவிட்டார். நீலம் செடியைக் கட்டையாக வைத்திருக்கும், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச்சிவப்பு ஒளி அதை நெடுக்க வைக்கும். இப்படி நிறத்துக்கு வேலை உண்டுதான். ஆனால் அந்தப் 'பூ' சுவிட்ச்? கஞ்சாவைப் பூக்க வைப்பது இரவின் நீளம். பன்னிரண்டு மணி நேர இருட்டுக் கொடுத்தால் அது பூக்கும். சிவப்பைக் கூட்டுவதால் மட்டும் பூ வந்துவிடாது. என் கறிவேப்பிலைக்கோ பூவே வேண்டாம்!

வேலையிடத்து நண்பரிடம் பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்றை வாங்கி வந்து பார்த்தேன். 138 வாட். இரண்டு சுவிட்சும் போட்ட நிலையில் 138. மணிகளை எண்ணினேன், 150. ஒவ்வொன்றையும் 10 வாட் மணி என்று எழுத்தில் வைத்துப் பெருக்கினால் 1500, அதுதான் பெட்டியில் இருந்த கணக்கு. எங்கள் வீட்டுச் சின்ன ஹீட்டர் 1500 வாட், அது அறையையே சுடவைக்கிறது. இந்த விளக்கின் கீழ் நான் சுவெட்டரோடு நின்றேன். அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா?

முதலில் தொலைபேசியில் கேட்டேன். "செடி பழக இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள்" என்றார்கள். கொடுத்தேன். பிறகு மின்னஞ்சல் போட்டேன். "1500 என்பது ஒப்பீட்டு எண்" என்று ஒரு வரி. எதோடு ஒப்பீடு என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இன்று பெட்டியோடு நேரில் போனேன். மேலாளர் ரசீதைப் பார்த்துவிட்டு, திருப்பித் தர 14 நாள்தான், அதுவும் பிரிக்காத பெட்டிக்கு என்றார். பிரிக்காமல் எப்படி அளப்பது? "கறிவேப்பிலை பனிக்காலத்தில் இலை உதிர்க்கும்தானே" என்று எனக்கே பாடம் வேறு. அதே பையன் பக்கத்தில்தான் நின்றான். "தம்பி, உங்கள் அம்மாவின் செடி எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். அலமாரியை அடுக்கப் போய்விட்டான்.

384 டொலர் 20 சதம். பதினொரு வருடச் செடியில் இப்போது இருப்பது மூன்று கொத்து.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாக எழுதிவிடுகிறேன். சுவரிலிருந்து எத்தனை வாட் இழுக்கிறது என்று கேளுங்கள், 'சமமான வாட்' என்றால் வெளியே வந்துவிடுங்கள். வெள்ளை ஒளியையே வாங்குங்கள். சிஎஸ்ஏ போன்ற பாதுகாப்பு முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். என் விளக்கில் இல்லை, இன்றுதான் திருப்பிப் பார்த்தேன். வாங்கிய அன்றே அளந்துவிடுங்கள், 14 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஊதா விளக்கு ஏற்கெனவே இருந்தால் தினமும் ஒருமுறை அணைத்துவிட்டு இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சவர்க்காரத் தண்ணீரில் தண்டைத் துடைக்க வேண்டும், அம்மா கீழே இருந்து கூப்பிடுகிறார்.