துவாலுவின் ஒப்பந்தமா, கிரிபாஸின் தனிவழியா?

பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் துவாலுவும் கிரிபாஸும் 1975 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை. கில்பர்ட், எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில் பிரிட்டன் அவற்றைச் சேர்த்தே ஆண்டது. கில்பர்ட் தீவினர் மைக்ரோனேசியர். எல்லிஸ் தீவினர் பாலினேசியர். மொழியும் வேறு, வழக்கமும் வேறு. 1974-இல் எல்லிஸ் தீவுகளில் வாக்கெடுப்பு நடந்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிரிந்து போவதையே விரும்பினார்கள். பிரிந்தால் பானாபா தீவின் பாஸ்பேட் வருமானத்தில் பங்கு கிடையாது, ஒரு கப்பல் மட்டுமே தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தும் அவர்கள் அப்படித்தான் முடிவெடுத்தார்கள். எல்லிஸ் தீவுகள் 1978-இல் துவாலு என்ற பெயரில் விடுதலை பெற்றன. மறு ஆண்டு கில்பர்ட் தீவுகள் கிரிபாஸ் ஆயின. நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் கிரிபாட்டி என்று எழுதும் நாடு இதுதான். கில்பர்ட் என்ற பெயர் தீவினரின் நாவில் கிரிபாஸ் என்று ஆகிவிட்டது.

ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இந்த இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே நெருக்கடியில் நின்றுகொண்டு, இன்று வெவ்வேறு திசைகளில் நடக்கின்றன. சிறிய வளரும் நாடுகளின் சிக்கல்களைப் பொதுவாகப் பேசுவதைவிட, இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது கூடுதல் தெளிவைத் தரும் என்று நினைக்கிறேன்.

முதலில் நிலம். துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 11,000 பேர். கிரிபாஸுக்கு 33 தீவுகளும் 811 சதுர கிலோமீட்டர் நிலமும் உண்டு. மக்கள் சுமார் 1,20,000 பேர். பானாபாவை விட்டுவிட்டால், இரண்டு நாடுகளிலும் இருப்பவை பெரும்பாலும் பவளப்பாறை மேல் படிந்த மெல்லிய மணல் திட்டுகளே. பெரும்பகுதி நிலம் கடல் மட்டத்துக்கு இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே கடல் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, அடியிலிருந்தும் ஊறி வருகிறது. பவளப்பாறை துளைகள் நிறைந்தது என்பதால், பெரும் ஓதத்தின்போது துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் வீட்டு முற்றத்துத் தரையிலேயே உப்புநீர் குமிழியிட்டுப் பொங்கும். தடுப்புச்சுவர் மட்டும் எழுப்பினால் போதும் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

இந்த உப்புநீர் முதலில் தொடுவது கிழங்குக் குழியை. துவாலுவில் புலாகா என்றும் கிரிபாஸில் பாபாய் என்றும் வழங்கும் பெருஞ்சேம்பு, நிலத்தடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம் வரை தோண்டிய குழியில்தான் வளரும். தலைமுறை தலைமுறையாக இலைதழைகளை இட்டு உரமேற்றிய குழிகள் அவை. குடும்பத்தின் மதிப்பே குழியைப் பொறுத்தது என்ற காலமும் உண்டு. ஒருமுறை கடல்நீர் புகுந்தால் இலை மஞ்சளாகிக் கிழங்கு அழுகிவிடும். குழி தேற ஆண்டுகள் ஆகும். பிறகு அந்த வீட்டில் உண்பது கப்பலில் வந்த அரிசியும் மாவும் சர்க்கரையும்தான். இரு நாடுகளிலும் நீரிழிவு பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பருவநிலைச் சிக்கல், பொருளாதாரச் சிக்கல், உடல்நலச் சிக்கல் என்று அறிக்கைகளில் தனித்தனி அதிகாரங்களாக வருபவை அந்த ஒரே குழியில் ஒன்றாகக் கிடக்கின்றன.

இனி, அவர்கள் எடுத்த வழிகளுக்கு வருவோம். கிரிபாஸில் 2003 முதல் 2016 வரை அதிபராக இருந்த அனோட்டே டோங், ‘மானத்தோடு இடம்பெயர்தல்’ என்ற கொள்கையை உலக அரங்குகளில் முன்வைத்தார். மக்கள் அகதிகளாக அல்ல, தொழில் கற்றவர்களாக வெளியே போக வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆட்சி 2014-இல் பீஜியின் வனுவா லேவு தீவில் நட்டோவாட்டு என்ற தோட்டத்தை ஆங்கிலிக்கன் திருச்சபையிடமிருந்து விலைக்கு வாங்கியது; பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர், விலை 80 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். (வனுவா லேவுவின் லபாசா கரும்புக் காடுகளுக்கு 1903 முதல் தென்னிந்தியரான நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டதை அறிந்த வாசகருக்கு, பிறர் மண்ணில் வேர்விடுவது எத்தனை தலைமுறை வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.) 2016-இல் பதவிக்கு வந்த தானெட்டி மாமாவ் இந்தத் திசையை அடியோடு மாற்றினார். நாடு மூழ்கப் போகிறது என்ற பேச்சையே அவர் ஏற்கவில்லை. மீன்வளம், சுற்றுலா இவற்றைக் கொண்டு நாட்டை வளர்ப்பது, தலைநகரான தெற்குத் தராவாவின் தெமாய்க்கு பகுதியை மண்ணிட்டு உயர்த்துவது என்று 2036 வரை நீளும் இருபது ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்தார்.

துவாலு இதற்கு நேர்மாறாக இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்தது. பசுமைப் பருவநிலை நிதியத்தின் உதவியோடு ஃபுனாஃபுட்டியில் கடலைத் தூர்த்து ஏழு எக்டேருக்கு மேல் உயர்ந்த புதுநிலம் உருவாக்கியது. 2023-இல் அரசமைப்பைத் திருத்தி, நிலமே போனாலும் துவாலு என்ற அரசு என்றும் நிலைக்கும் என்று எழுதிவைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒன்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஃபலேபிலி என்றால் நல்ல அண்டைவீட்டாராக இருத்தல் என்று பொருள். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 280 துவாலுவினர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம். கல்வியும் மருத்துவமும் கிடைக்கும். விரும்பும்போது ஊருக்குத் திரும்பி வரலாம், மறுபடியும் போகலாம். 2025-இல் இந்த இடங்களுக்கான முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பதிவு செய்தார்கள். நாட்டின் மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர்!

இந்த எண்ணை வைத்து, துவாலுவினர் எல்லோரும் ஓடிப்போகத் துடிக்கிறார்கள் என்று பல ஊடகங்கள் எழுதின. நான் அப்படிப் படிக்கவில்லை. வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது வேறு, வீட்டைக் காலி செய்வது வேறு. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர்தான். பெயர் கொடுத்தவர்கள் போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. மாலையானால் ஃபுனாஃபுட்டியின் விமான ஓடுபாதை முழுவதும் பந்தாடும் பிள்ளைகளும் உட்கார்ந்து பேசும் பெரியவர்களுமாக நிறைந்திருக்கும். விமானம் வரும் நாளில் சங்கு ஊதினால் எழுந்து ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரிலேயே அகலமான திறந்தவெளி அதுதான். அப்படிப்பட்ட ஊரை விட்டு யாரும் எளிதாகப் போவதில்லை.

ஆனால் இந்த வாசலுக்கு ஒரு விலை இருக்கிறது. பாதுகாப்பு, காவல், எல்லைக் காவல், இணையப் பாதுகாப்பு, துறைமுகம், தொலைத்தொடர்பு, மின்சாரம் என எதிலும் துவாலு இன்னொரு நாட்டோடு பாதுகாப்பு சார்ந்த ஏற்பாடு செய்ய வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் சம்மதமும் வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு. பேரிடரிலும் படையெடுப்பிலும் உதவுவேன் என்ற உறுதிக்குக் கைம்மாறாக வெளியுறவின் ஒரு பகுதி கைமாறியிருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் மின்கம்பத்தையும் கேபிளையும் அடக்கியது வரம்பு மீறியது என்றே கருதுகிறேன். கையெழுத்திட்ட பிரதமர் கௌசேயா நட்டானோ 2024 சனவரித் தேர்தலில் தோற்றார். புதிய பிரதமர் ஃபெலெட்டி டியோவின் அரசும் இறையாண்மை குறித்த தயக்கத்தை வெளிப்படுத்திவிட்டுத்தான் ஒப்பந்தத்தைத் தொடர்ந்தது.

கிரிபாஸ் இப்படி எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. 2019 செப்டம்பரில் தைவானை விட்டுச் சீனாவோடு உறவு வைத்தது. துவாலுவோ 1979 முதல் இன்றுவரை தைவானோடுதான். கிரிபாஸ் 2022-இல் பசிபிக் தீவுகள் மன்றத்திலிருந்தே விலகி, மறு ஆண்டு திரும்பியது. தன் விருப்பப்படி நடக்கும் நாடு என்று இதைப் பாராட்டலாம். பாராட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதே 2022-இல் உயர் நீதிமன்ற நீதிபதி, தலைமை நீதிபதி, பின்னர் மேல்முறையீட்டு நீதிபதிகள் என வரிசையாகப் பணிநீக்க நடவடிக்கைக்கு உள்ளானார்கள். அரசை எதிர்த்துப் போனவர்களின் வழக்கைக் கேட்க நாட்டில் மேல்நீதிமன்றமே இல்லாத நிலை வந்தது. வெளியாருக்குக் கட்டுப்படாத அரசு உள்ளே தன் மக்களுக்குக் கட்டுப்பட வேண்டும் அல்லவா? அது இல்லாத இறையாண்மையால் தெற்குத் தராவாவின் பெஷியோவில் நெருங்கிக் கிடக்கும் குடும்பங்களுக்கு என்ன பயன்? சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீட்டரில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் வாழும் திட்டு அது. கிணற்று நீர் கழிவால் கெட்டுவிட்டது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓய்வதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை கிரிபாஸின் கை ஓங்கியது. பாஸ்பேட் வருமானத்தில் 1956-இல் தொடங்கிய சேமநிதி இன்று 100 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டி நிற்கிறது. அதன் கடற்பரப்பு 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. சூரை மீன் உரிமக் கட்டணமே அரசின் வருமானத்தில் பெரும்பங்கு. துவாலுவுக்கும் மீன் உண்டு. 1987-இல் தொடங்கிய அறக்கட்டளை நிதி உண்டு. கூடவே இணைய முகவரிகளில் வரும் ‘.டிவி’ என்ற ஈறு, நாட்டின் பெயர்ச்சுருக்கம் தந்த கொடையாக வாய்த்தது. அந்த வருமானத்தைக் கொண்டுதான் 2000-இல் ஐ.நா.வில் சேர்ந்தது.

மீன் கட்டணத்தில் இரு நாடுகளும் ஒன்றாக நிற்கின்றன என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நவுரு உடன்படிக்கையின் எட்டு நாடுகள், கப்பல் ஒன்று தங்கள் கடலில் மீன்பிடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று விலை வைத்து, குறைந்தது 8,000 அமெரிக்க டாலர் என்று உறுதியாக நின்றன. 2010-இல் சுமார் ஆறு கோடி டாலராக இருந்த கூட்டு வருமானம் சில ஆண்டுகளில் ஐம்பது கோடி அளவுக்கு ஏறியது. தனித்தனியாகப் பேரம் பேசியபோது அடிமாட்டு விலைக்குப் போன மீன் அது. கடல் சூடேறச் சூடேறச் சூரை மீன்கள் கிழக்கு நோக்கி, எவருக்கும் சொந்தமில்லாத ஆழ்கடலுக்கு நகரும் என்பது மட்டுமே இதில் உள்ள அச்சம்.

எந்த வழி சிறந்தது என்று கேட்டால், விடை 1940-களிலேயே கிடக்கிறது. 1945 டிசம்பரில் பானாபா மக்களைப் பிரிட்டிஷ் அரசு கப்பலேற்றிப் பீஜியின் ராபித் தீவில், மழைக்காலத்தில், கூடாரங்களில் கொண்டுபோய் இறக்கியது. ராபி வாங்கப்பட்டது அவர்களுடைய பாஸ்பேட் பணத்தில். முடிவு அவர்களுடையது அல்ல. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. ஏறக்குறைய அதே நேரத்தில் துவாலுவின் வைட்டுப்பு தீவினர், போர்க்காலத்தில் அமெரிக்கர்களிடம் வேலை செய்து சேர்த்த கூலிப்பணத்தில், ராபிக்கு அருகிலேயே கியோவா என்ற தீவை ஏலத்தில் தாங்களாகவே எடுத்தார்கள். விரும்பியவர்கள் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள், இரு ஊருக்கும் போக்குவரத்து நிலைத்தது.

இந்த அளவுகோலால் பார்த்தால், போவதா இருப்பதா என்று ஒன்றை மட்டும் தேர்வு செய்யும்படி மக்களை நிறுத்தாத துவாலுவின் வழியே எனக்கு ஏற்புடையது. நான்காம் பிரிவை மட்டும் திருத்திக் குறுக்க வேண்டும். பன்னிரண்டு மாத அறிவிப்பில் விலகும் உரிமை துவாலுவுக்கு இருப்பதால் அதைக் கேட்கும் வலுவும் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே கிரிபாஸுக்கு எடுத்துச் சொல்ல முடியாது. பத்து மடங்குக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் ஆண்டுக்கு 280 இடம் என்பது பிறப்புக் கணக்கில் கரைந்துவிடும். அங்கே நிலத்தை உயர்த்தும் வேலைதான் முதலில் வர வேண்டும். சேமநிதியின் ஒரு பகுதியைத் தெமாய்க்குவில் போட்டால் அது செலவு ஆகாது. நட்டோவாட்டுவை வாங்கியதைப் பிழை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாங்கிய நிலத்தில் பாபாய்க் குழிக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்காமல், அடுத்த ஆட்சி அதைப் பின்தள்ளியதுதான் பிழை. அந்த மண் இன்னும் கிரிபாஸின் பெயரில் இருக்கிறது. போய்ப் பயிரிட விரும்புகிறவர் யார் என்று தராவாவின் ஊர்மன்றங்களான மனேயபாக்களில் மக்களைக் கூட்டிக் கேட்க அரசுக்கு இன்றும் தடையேதும் இல்லை.